டெல்டா சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் குடியிருந்தால் ஒரு வேலை தானாக வந்து சேரும். சென்னையில் இருக்கும் சித்தி மகன், கோவையில் கூட வேலை பார்த்தவர், அவருக்குத் தெரிந்த யாரோ என்று மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து, "அந்தப் பக்கம் வரலாம்னு இருக்கோம், ஒரு பிளான் போட்டுக் குடுங்க" என்பார்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே பிளானைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடுத்த குடும்பம் ஊருக்குப் போனபின் ஆறு மாதம் பேசவில்லை. அதே கோயில், அதே ஓட்டல், அதே வேன். வந்தவர்கள்தான் வேறு. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதலில் நான்தான் கேள்வி கேட்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்துவிட்டால் போனில் தொண்டை வறளாது.

மூன்று நாள்தான் லீவு. தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும். டிரைவர் சம்மதித்தால் திருவாரூரையும் நாகூரையும்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். டெல்டாவில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் தூரமில்லை, அதுதான் இங்கே வருகிறவர்களை ஏமாற்றுகிற விஷயமே. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் வழியில் ரயில்வே கேட், நெல் மூட்டை ஏற்றிய லாரி, தேரோட்டம் என்று ஏதாவது ஒன்று காத்திருக்கும்.

நான் கணக்கெடுக்கும்போது ராத்திரிகளைத்தான் எண்ணுவேன். மூன்று நாள் லீவு என்றால் இரண்டு ராத்திரி. இரண்டையும் ஒரே ஊரில் கழித்தால் பெட்டியை ஒரு தடவை பிரித்து ஒரு தடவை கட்டினால் போதும். கும்பகோணத்தில் தங்கினால் தாராசுரம் நாலு கிலோமீட்டர், சுவாமிமலை எட்டுக்குள், கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35, தஞ்சாவூர் சுமார் 40. இதற்குள் மூன்று நாள் தாராளமாகப் போய்விடும். வேளாங்கண்ணி வேண்டுதல் இருந்தால் அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். போகிற வழியில் எட்டிப்பார்க்கிற இடமாக அதை வைக்காதீர்கள்.

அப்புறம் யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். மீதி பிளான் அதிலிருந்துதான் வரும்.

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பதெல்லாம் ஒரு பயணமா? வெறும் ஓட்டம்தானே?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிண்டல் பேசிக்கொண்டிருந்தேன். விடியுமுன் திங்களூரில் ஆரம்பித்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் என்று ஐந்தை உச்சிவேளைக்குள் முடித்தாக வேண்டும். நடை திறக்கும்வரை எங்காவது கட்டுச்சோறு. நாலு மணிக்கு வைத்தீஸ்வரன்கோவில், பிறகு திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. திரும்பி வந்து சேர்கையில் வண்டி 200 கிலோமீட்டருக்குமேல் ஓடியிருக்கும். 2024இல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து இந்தச் சுற்றுக்கு ஒருநாள் பேருந்து விட ஆரம்பித்தது, அந்த அளவுக்கு இதற்குக் கூட்டம்.

என் வாயை அடைத்தது பெரியம்மா. பேத்திக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டே போன வருஷம் அது. வேனில் பதினோரு பேர், துணைக்கு நானும் போனேன். ஒரு கோயிலில் முக்கால் மணி நேரத்துக்குமேல் நிற்க முடியவில்லை. பெரியம்மா எந்தத் தூணையும் அண்ணாந்து பார்க்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை, அதில் ஒன்பது கோயிலுக்கும் தனித்தனியாகக் கட்டிய அர்ச்சனைச் சாமான். ஒவ்வொரு பொட்டலமாகக் குறைந்துகொண்டே வந்தது. திருநள்ளாற்றில் கடைசிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறியவர், பை காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். உடனே தூங்கிப்போனார், கும்பகோணம் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு தூக்கத்தை நான் எந்த மலைவாசஸ்தலத்திலும் தூங்கியதில்லை.

அதே வேனில் அவர் மருமகனும் இருந்தார். சிற்பம், கல்வெட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. ஐந்தாவது கோயிலில் "இதுக்குப் போய் லீவு போட்டேனே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பெரியம்மா முகம் சுருங்கிப்போனது. காலையிலேயே அவரைத் தாராசுரத்தில் இறக்கிவிட்டுவிட்டு வேன் கிளம்பியிருக்க வேண்டும், அவரும் சந்தோஷமாக இருந்திருப்பார். பிளான் போட்டவன் நான், அந்தத் தப்பு என்னுடையது.

பகலில் கோயில் திறந்திருக்குமா?

பெரும்பாலான கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வடக்கேயிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் இதைத் தெரியாமல் ஒரு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நாலு மணி நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஊர்க்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

சாமி கும்பிட மட்டும் என்றால் ஒரு மணி நேரம். பார்க்க வேண்டும் என்றால் இரண்டு தடவை போங்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஒருமுறை. வெயில் சாயும்போது விமானத்தின் கல் நிறம் மாறுவதைப் பிராகாரத்துப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்கத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 1010இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த கோயில், மாலை நேரத்தில் அது ஒரு பூங்காவும்தான்.

வாசிக்கிற ஆர்வம் உள்ளவர் என்றால் அதிட்டானத்தை, அதாவது விமானத்தின் அடிப்பீடத்தை, சுற்றி நடங்கள். சுவரெல்லாம் எழுத்து. பழைய எழுத்து முழுதாகப் புரியாது, ஆனால் கூர்ந்து பார்த்தால் சில எழுத்து அடையாளம் தெரியும். யார் எந்த விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். அவர்களுடைய பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்று வரிசையாக இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தெருவின் கதவிலக்கம். ராஜாவின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் குனிந்து தரையைப் பாருங்கள். நன்றாகவே விழும். பிள்ளைகளிடம் இதைப் பந்தயமாகவே வைக்கலாம்.

அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி.

திருவாரூர்க் கோயிலை ஒரே மூச்சில் சுற்ற வைக்காதீர்கள். "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி" என்று சொலவடையே இருக்கிறது. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குமேல், பெருக்கிப் பாருங்கள். தஞ்சையில் வெயில் ஏறிவிட்டால் கல்தரை காலைச் சுட்டுவிடும். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். ஆறரை மணிக்குக் கோயிலில் இருங்கள், ஒன்பதுக்கு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பெரியவர்களுக்கு எதைப் பார்த்தோம் என்பதைவிட யாரோடு வந்தோம் என்பது பெரிதாக இருக்கும். என் அப்பாவைப் பூம்புகாருக்கு அழைத்துப் போனேன். கடலை ஐந்து நிமிஷம் பார்த்தார். போகும்போதும் வரும்போதும் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்த ஊரில் யார் வீட்டில் பெண் எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குப் பயணம் வண்டிக்குள்தான் நடந்தது. ஆகையால் முன்சீட்டை அவருக்குக் கொடுங்கள், பாட்டை நிறுத்துங்கள்.

நான் தனியாக வருகிற பெண். சரிப்படுமா?

பகலில் ஒரு குறையும் இல்லை. டவுன் பஸ் எல்லா ஊருக்கும் போகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. வெறும் கையோடு ஏறி, கூட்டத்தில் யாராவது ஒரு அக்காவிடம் "தாராசுரம் வந்தா சொல்லுங்க" என்றால் போதும். அவர் இறங்கினால் பக்கத்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

தொல்லை லாட்ஜ் கவுண்டரில்தான். "கூட யாரு வராங்க?" என்று இன்றைக்கும் கேட்கிற இடங்கள் உண்டு. முன்கூட்டியே போன் செய்து, தனியாக வருகிறேன் என்று சொல்லியே பதிவு செய்யுங்கள். வாய் இழுக்கிற இடத்தை அப்போதே விட்டுவிடலாம்.

தனியாக வருகிறவர்களுக்குக் கிடைக்கிற ஒரு லாபம் கும்பலாக வருகிறவர்களுக்குக் கிடைக்காது. கூட வேலை பார்த்தவரின் மகள் போன தை மாதம் வந்தாள். சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டாள். மெழுகில் உருவம் செய்வது, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பது, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது, ஆறியதும் மண்ணை உடைப்பது. ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அவள் போன அன்று மெழுகு வேலை மட்டும்தான் நடந்தது. உலோகம் ஊற்றுகிற நாள் தெரிந்துகொண்டு அடுத்த வாரம் மறுபடியும் வந்தாள்! எட்டுப் பேர் கொண்ட வேனில் இதைச் சொல்லிப் பாருங்கள், இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

உண்மையைச் சொன்னால் நாங்கள் சாப்பிடத்தான் வருகிறோம். தப்பா?

இதில் என்ன வெட்கம்? காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவான ஒன்று. எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் இருக்காது, விசாரித்துப் போங்கள். டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் போர்டு வைத்து, பித்தளை டபராவில் கொடுக்கிறார்கள். டபரா பளபளப்பதால் காபி நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை, கறந்த பாலும் அப்போது இறக்கிய டிகாக்‌ஷனும் இருந்தால் எவர்சில்வரிலும் நன்றாகத்தான் இருக்கும். திருவையாற்றில் அசோகா அல்வா. சாப்பாட்டுக்கு மேல் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. அதற்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஒரே எச்சரிக்கை. சாப்பிடுவதற்காக வருகிறவர்கள் ஒரு நாளில் ஆறு கடை என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நாலாவது கடையில் முகம் வெளுத்துவிடுகிறது. வயிறு ஒன்றுதான்.

கோடை விடுமுறையில் வரலாமா? எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே வேண்டாம். ஆறு வறண்டிருக்கும், வயல் கட்டாந்தரையாகக் கிடக்கும், காவிரிக்கரைக்கு வந்துவிட்டுக் காவிரியைத் தேடுவீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். சில நாளில் கல்லணைக்கு வரும், பிறகு வாய்க்கால் வாய்க்காலாக ஊருக்குள் நுழையும். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருவதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்க இன்றைக்கும் கூட்டம் கூடும். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் கலந்த சாதத்தோடு உட்கார்ந்தால் அதற்குமேல் ஊர் சுற்றவே தோன்றாது.

பச்சை வேண்டுமென்றால் சம்பா வளர்ந்து நிற்கும் கார்த்திகை, மார்கழி. ஆனால் வடகிழக்குப் பருவமழை அந்த நேரத்தில்தான் அடிக்கும், புயல் வந்தால் இரண்டு நாள் ரூமில்தான். ஜனவரி வாக்கில் தியாகராஜர் ஆராதனை திருவையாற்றில். நூற்றுக்கணக்கானவர்கள் மணலில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனையைச் சேர்ந்து பாடுவார்கள். சங்கீதம் தெரியாதவர்களும் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே சலிப்பு.

தாராசுரத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறு உடம்பை மறைத்தால் காளை. எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி. அதற்குள் நீங்கள் நாயன்மார் கதைகளைச் சுவரடியில் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருப்பதைப் பார்த்துவிடலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு கோயிலுக்குமேல் வேண்டாம்.

இவர் ஓடுகிற ஆள், எனக்கு உட்கார வேண்டும். ஒவ்வொரு பயணமும் சண்டையில்தான் முடிகிறது.

காலையில் அவர் ஓடட்டும், நீங்கள் உட்காருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது இருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று தாலி கட்டும்போது யாரும் சொல்லவில்லை.

வேனில் வராமல் நடந்தே வருகிறவர்களும் இருக்கிறார்களே?

நிறைய. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அந்த நாட்களில் எங்கள் பக்கச் சாலைகளில் காவி உடுத்தி, சின்னத் தேரை இழுத்துக்கொண்டு கும்பல் கும்பலாகப் போவார்கள். மதம் பார்க்காமல் வழியில் மோர், தண்ணீர் கொடுப்பார்கள்.

வேண்டுதல் எதுவும் இல்லாமல் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய உப்புச் சத்தியாகிரகிகள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். அதில் ஒரு துண்டை, வலங்கைமானிலிருந்து மன்னார்குடி போல, மார்கழிக் காலையில் நடந்து பாருங்கள். ஏப்ரலில் வேண்டாம், அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஒன்றும் பார்க்காமல் ஒரு இடத்தில் கிடக்க வேண்டும் போலிருக்கிறது.

தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, ஒரு நீளமான தெரு, பழைய தேவாலயங்கள், கடல். இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், அதனால்தான் அங்கே தங்கச் சொல்கிறேன். மீதி நேரத்தில் செய்ய எதுவும் கிடையாது.

போட்டோவுக்கு எந்த இடம் நன்றாக இருக்கும்?

கங்கைகொண்ட சோழபுரம், காலை ஏழு மணி. கருவறையில் எடுக்காதீர்கள்.

மலேசியாவிலிருந்து வருகிறோம். தாத்தா பிறந்த ஊரைத் தேட வேண்டும். எதில் ஆரம்பிப்பது?

இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும், இதற்குத்தான் நான் அதிகம் அலைவேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலத்தில் டெல்டா கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் ஏறிப் போனார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அது 1970களின் ஆரம்பம்வரை ஓடியது.

கிளம்புமுன் வீட்டில் இருப்பதையெல்லாம் தோண்டுங்கள். பழைய கடித உறை, பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை. ஊர்ப் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும். தாலுகா, பக்கத்து ஊர், குலதெய்வத்தின் பெயர், இதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குலதெய்வம் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது. அந்தக் கோயில் பூசாரியிடம் எந்த வகையறா எந்தத் தெருவில் இருந்தது என்ற கணக்கு வாய்மொழியாகவாவது இருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஈப்போவிலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். ஐந்து நாள் கையில் இருந்தது. மகன் பெரிய கோயில், சிதம்பரம் என்று அழகாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். முதல் நாளே மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர் சரிதான், குலதெய்வமும் சரிதான், வீடு இல்லை. வீடு இருந்ததாகச் சொன்ன இடத்தில் புளியமரம் நின்றது, அதற்கு அப்பால் ஊர்க் குளம். சொந்தம் என்று யாரும் மிஞ்சவில்லை. மகன் என்னைப் பார்த்து, கிளம்பலாமா என்று கண்ணால் கேட்டார். அந்த அம்மா படித்துறையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். குளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "யார் ஊட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். அம்மா தன் தாத்தா பெயரைச் சொன்னார். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் வீட்டுக்கு அழைத்துப் போய் சோறு போட்டார்.

மறுநாளும் அங்கேதான் போக வேண்டும் என்றார் அம்மா. அதற்கு மறுநாளும். சிதம்பரத்தை அவர்கள் பார்க்கவேயில்லை. ஐந்தாம் நாள் விமானத்துக்குக் கிளம்பும்போது மகன் பையில் ஒரு டப்பா நிறையக் குளத்து மண் இருந்தது. சுங்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.